இரண்டு தடவை கேளுங்கள்

மூன்றாவது இல்லத்துக்கு வந்தபோது மணி இரண்டேகால்.
வெளிச்சம் போய்விட்டிருந்தது.
கெமியில் டிசம்பர் அப்படித்தான்,
பகலைக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு
வாசல் தாண்டுமுன் திருப்பிக் கேட்கும்.
காகித ஆலையின் வெந்த முட்டைக்கோஸ் வாடை
ரைலியின் கம்பளிக் குல்லாயில் ஏறியிருந்தது.

பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள்.
இடதைக் கழற்றினாள்.
வலது என்று ஒன்று இருப்பது அவளுக்கு நினைவில்லை.
நான் குனிந்தேன்.
விவாகரத்தாகிப் பத்தொன்பது வருடம் கழித்து
அவள் குதிகால் என் உள்ளங்கையில்.
அதே கால்தான்.
கொஞ்சம் எடை குறைந்திருந்தது.

மகள் கோத்தன்பர்க்கிலிருந்து பட்டியல் அனுப்பியிருந்தாள்:
இரவில் எத்தனை பேர் வேலையில்,
மாத்திரையை யார் எண்ணித் தருவது,
கதவுக்குப் பூட்டு உண்டா,
உண்டென்றால் எந்தப் பக்கம்.
"சட்டப்படி நீங்கள் போகவேண்டியதில்லை அப்பா."
உண்மைதான்.
சட்டப்படி நான் காரோட்டி.

முதல் இல்லத்தில் மீன் தொட்டி இருந்தது,
மீன் இல்லை, விளக்கு மட்டும் எரிந்தது.
இரண்டாவதில் நடைவழி நாற்காலியில் ஒருவர்
முள்ளங்கிக் கட்டு அளவு சில்லறையைப் பிடித்தபடி
பேருந்துக்குக் காத்திருந்தார்.
எத்தனை மணிக்கு என்று ரைலி கேட்டாள்.
இதோ வந்துவிடும் என்றார்.
அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.
கிளப்புவதற்கு இருபது நிமிடம் ஆனது.
கிளம்பும்போது அவருக்குக் கை கொடுத்து
"எங்களுக்கு வேறு வண்டி" என்றாள்.

இங்கே பொறுப்பாளர் பெயர் ஹென்னா.
காப்பி ஊற்றினாள். சர்க்கரை?
"போடமாட்டாள்" என்றேன், தெரிந்தவன்போல.
ரைலி மூன்று கட்டிகள் போட்டுக் கலக்கினாள்.
எந்த வருடம் ஆரம்பித்தாள்,
யார் வீட்டு மேசையில்,
எனக்கெப்படித் தெரியும்?
ஹென்னா படிவத்தில் எதையோ அடித்துத் திருத்தினாள்.

பிறகு அறை.
ஜன்னலுக்கு வெளியே இருட்டு; அதற்குள் எங்கேயோ உறைந்த கடல்.
ரைலி மெத்தையை முட்டியால் அழுத்தினாள்.
வெந்நீர்க் குழாயைத் திறந்து, விரலை நீட்டி
ஐந்துவரை எண்ணினாள்.
அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள்.
சௌனா எந்தக் கிழமை என்று விசாரித்தாள்.
காலையிலிருந்து இவ்வளவு தெளிவாக அவள் பேசவில்லை.
நல்ல நாள்போலும் என்று நினைத்தேன்.

அப்புறம் கட்டிலை என் உயரத்தோடு
கண்ணாலேயே அளந்தாள்.
"இவருக்குக் கால் நீளம். இது போதாது.
குறட்டை விடுவார், சுவருக்கு அந்தப்பக்கம்
யாரையும் படுக்க வைக்காதீர்கள், பாவம்.
ஊறுகாய் மீன் பிடிக்காது.
பிடிக்கும் என்று சொல்லித் தின்பார்.
வாய்விட்டு ஒன்றும் கேட்கமாட்டார்.
வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்.
இரண்டு தடவை கேளுங்கள்.
நான் சில நேரம் ஒரு தடவையோடு விட்டுவிட்டேன்."

ஹென்னா என்னைப் பார்த்தாள்.
நோயாளி சொல்வதை மறுக்க வேண்டாம் என்று
கையேட்டின் நான்காம் பக்கத்தில் போட்டிருக்கிறது.
நான் பேசாமலிருந்தது கையேட்டுக்காக அல்ல.

மூன்று இல்லங்கள், ஒரு பகல் முழுக்க,
அந்த மீனில்லாத தொட்டியின் முன்னால்கூட
உதட்டைப் பிதுக்கியபடி
எனக்குத்தான் இடம் பார்த்திருக்கிறாள்.

"பயப்படாதே ஆர்வோ" என்றாள்,
என் மேல்சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டுவிட்டு.
"ஞாயிற்றுக்கிழமை வருவேன்.
தினமும் முடியாது. எனக்கும் வேலை இருக்கிறது."
சரி என்றேன்.
என்ன வேலை என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கையெழுத்து போடும் மேசையில்
'உறவு' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.
அதைப் பிறகு நிரப்பலாம் என்றேன்.
கதவருகே ரைலி என் பூட்ஸ் இரண்டையும்
ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கத்
திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீளமான கட்டில் ஒன்று கிடங்கில் இருக்கிறது,
மாற்றிப் போடவா?" என்றாள் ஹென்னா.
வேண்டாம் என்றேன்.

அவள் பேனாவை மூடவில்லை.
மறுபடி கேட்டாள்.